கடைசித் திட்டு

அத்தியாயம் 7

படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், நான் நீட்டிய போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பு என் சட்டையைப் பார்த்தார்.

"சார் எதுவும் விசேஷத்துக்குப் போறீங்களா?"

"இல்ல. புதன்கிழமை வந்த ஒரு ஆளைத் தேடி வந்திருக்கேன்."

"இந்த மடிப்போட படகுல ஏறினா பக்கத்துல உக்கார்றவங்க கை கிழிஞ்சிடும் சார், பாத்து."

எனக்குப் பின்னால் நின்ற மருமகள் சிரிப்பை இருமலாக மாற்றினாள். என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இருப்பது அவன் மனைவிதான். ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறாள். விடுமுறை நாட்களில் என் துப்பறியும் நிலையத்துக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது. வாய்க்கும் ஓய்வு கிடையாது.

"ஊர்ல உங்களுக்கு இஸ்திரின்னு பேர் வெச்சிருக்கறது இங்க வரைக்கும் வந்திருச்சு போல மாமா" என்றாள்.

நான் போட்டோவை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். முப்பத்திரண்டு வருடங்களாக மற்றவர்கள் வீட்டில் காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்து வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூடக் காணாமல் போனதில்லை. அப்படிப்பட்ட குடும்பம் அல்ல எங்களுடையது. ஆனால் பதினோரு நாட்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை விடியற்காலையில், என் தம்பி போய்விட்டான். வயது அறுபத்தொன்று. மனைவி இல்லை. மாடியறையில் தனியாக இருந்தவன். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் விட்டுப் போனவை மூன்று. புத்தகங்களுக்குள் அடையாளத்துக்காகச் செருகியிருந்த பழைய படகு டிக்கெட்டுகள். ஒழுங்காகத் தாழிட்ட வாசல் கேட். வாழ்நாளில் ஒருநாளும் அவன் அதைச் சாத்தியது கிடையாது. மூன்றாவது, மேஜை மேல் இருந்த கடிதம்:

'ஐயா, இத்தனை நாள் என்னிடம் காட்டிய பொறுமைக்கு நன்றி. இனி நான் கடைசித் திட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு அப்பால் போக எனக்கு அவசியம் இல்லை. என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள.'

கையொப்பம் இல்லை. எழுத்து அவனுடையது. 'ஐயா' என்று தொடங்கியது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் பேச்சில் அண்ணா என்றாலும், எழுத்தில் தம்பி அண்ணனுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அதுதான். கடைசித் திட்டு எது என்பதும் எனக்குத் தெரியும். அவன் போவதற்கு முந்தின நாள், முன்னறையில் ஒரு வழக்கு விஷயமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, பனியனோடு வந்து நின்றான். அவர்கள் போன பிறகு திட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

அவன் மகள் வெளியூரில் நர்ஸ். பத்து நாள் பொறுத்தாள். நேற்று, மருமகள் வேலை செய்யும் பத்திரிகைக்கே ஒரு விளம்பரத்தை அனுப்பிவிட்டாள். 'காணவில்லை' என்ற தலைப்பு. கீழே என் தம்பியின் படம். அதன் கீழே எங்கள் வீட்டு முகவரி. இன்று மாலை ஆறு மணிக்குப் பக்கம் முடிந்து அச்சுக்குப் போய்விடும். அதற்குள் அவனைப் பார்க்காவிட்டால், நாளைக் காலையில் ஊர் முழுவதும் டீயோடு எங்கள் குடும்பத்தைப் படிக்கும். எங்கள் வீட்டுப் படம் இதுவரை இரண்டு முறைதான் பத்திரிகையில் வந்திருக்கிறது. இரண்டும் பரிசு வாங்கியதற்கு.

"புதன்கிழமை ஆளுங்களை எனக்குத் தெரியாது சார்" என்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார் கவுண்டர்க்காரர். "நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்."

"மாமா" என்றாள் மருமகள். அவள் கவுண்டருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த லெட்டரை எடுங்க."

"எடுக்கவேண்டாம். மனப்பாடமா இருக்கு."

"அதான் தப்பு. மனப்பாடம் ஆனதை யாரும் படிக்கறதில்ல. என் வேலையில அதுதான் முதல் பாடம். எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலை மேலே காட்டினாள். மரப்பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தது: முதல் திட்டு. நடுத் திட்டு. கடைசித் திட்டு. அக்கரை.

"காயலுக்குள்ள இருக்கற சின்னச் சின்னத் தீவை இவங்க திட்டுன்னுதான் சொல்றாங்க. நீங்க பதினோரு நாளா நீங்க திட்டினதை நினைச்சே சரியா தூங்கல. அவர் அதைப் பத்தி எழுதவே இல்ல மாமா. இறங்கற இடத்தை எழுதியிருக்கார்."

"நான் தூங்கலன்னு யார் சொன்னது?"

"சுவர்தான். உங்க நடை சத்தம் என் ரூமுக்குக் கேக்குது."

பதினோரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"கடைசித் திட்டுக்கு ரெண்டு டிக்கெட்" என்றேன்.

*

நாற்பது பேர் உட்காரக்கூடிய படகில் ஒன்பது பேர் இருந்தோம். முன்பக்கம், இன்ஜின் சூடு அடிக்காத ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"சார், அது ஒருத்தரோட இடம்" என்றபடி கண்டக்டர் வந்தார்.

"யாரும் இல்லையே."

"இல்லதான். மாசப் பாஸ்காரர் ஒருத்தருக்குக் குடுத்திருந்தோம். இனிமே வேணாம்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டாராம். எனக்கு வாய் பழகிருச்சு. உக்காருங்க."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"'என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்'" என்று அவள் மெதுவாகப் படித்தாள். "வீட்ல இருக்கற இடம் இல்ல மாமா. இந்த சீட்டு. இங்க பாருங்க, 'அவசியம்'னு எழுதறதுக்கு முன்னாடி 'விருப்பம்'னு எழுதி அடிச்சிருக்கார். நல்லா எழுதித் தர்றதுக்கு முன்னாடி எழுதிப் பாத்த தாள் இது. நல்லதை ஆபீசுக்குக் குடுத்துட்டு இதை மேஜைமேல விட்டுட்டுப் போயிட்டார். இந்த 'ஐயா' படகு ஆபீஸ் ஐயா."

"அப்போ எனக்கு எழுதின கடிதம் எது?"

அவள் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். இதற்குத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுவும் இல்ல மாமா."

கரை பின்னால் போனது. காயல் தண்ணீருக்கு ஒரு நிறமும் இல்லை. வானம் எப்படியோ அப்படி. நான் போட்டோவைக் கண்டக்டரிடம் காட்டினேன்.

"இவரேதான்! வாரம் தவறாம புதன்கிழமை வருவார். ஒரு வருஷம் இருக்கும். இதே இடம். அக்கரை வரைக்கும் பாஸ். ஆனா அக்கரைல இறங்கமாட்டார். அதே படகுல திரும்பிடுவார்."

"அப்புறம் எதுக்கு வர்றார்?"

"நானும் கேட்டேன் சார். 'வீட்ல உக்காந்தா ஒரே இடத்துல உக்காந்திருக்கணும். இங்க உக்காந்தா வெளில இருக்கறதாவது மாறுது'ன்னார். அதுக்கப்புறம் நான் கேக்கல."

மருமகள் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"கடைசியா எப்போ வந்தார்?"

"இந்தப் புதனுக்கு முந்தின புதன். பெட்டி ஒண்ணு வெச்சிருந்தார். கடைசித் திட்டுல இறங்கினார். ஏறினதையும் எண்ணுவேன், இறங்கினதையும் எண்ணுவேன் சார். அவர் திரும்ப ஏறல."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு ரூமு. ஒரு குச்சி."

"குச்சியா?"

"தண்ணிக்குள்ள நட்டு வெச்ச குச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிறு எறிய ஓடினார். முதல் திட்டு வந்துவிட்டது.

அங்கே இறங்கியது ஒரு கிழவர். ஏறியது ஒரு மிக்ஸி. ஒரு பெண் அதைக் கண்டக்டர் கையில் கொடுத்து, "நடுத் திட்டுல ரிப்பேருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். மிக்ஸி எங்களுக்கு எதிர் இருக்கையில் தனியாக உட்கார்ந்து வந்தது.

"அதுக்குக்கூட வழியனுப்ப ஒரு ஆள் வந்தது பாருங்க மாமா" என்றாள் மருமகள்.

அதை அவள் நகைச்சுவையாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

*

ஞாயிற்றுக்கிழமை பெரிய படகு நடுத் திட்டோடு சரி. அதற்கு மேல் மூன்று மணிக்கு ஒரு சின்னப் படகு. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். துறையை ஒட்டி நாலு கடைகள், மூன்று சாத்தியிருந்தன. திறந்திருந்த பாத்திரக் கடையில் இருந்த அம்மா, போட்டோவைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அரிசிக்காரர்!"

"அரிசி வியாபாரம் எங்க குடும்பத்துல யாரும் பண்ணதில்ல" என்றேன்.

"வியாபாரம் இல்லங்க. படகு இங்க நிக்கற நேரத்துல ஓடி வந்து எங்கிட்ட ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னப் பாத்திரம் வாங்கினார். எல்லாம் ஒண்ணே ஒண்ணு. வாங்கிட்டு, 'ஒரு ஆளுக்கு எத்தனை கை அரிசி போடணும்?'னார். 'இத்தனை வயசு வரைக்கும் சாப்பிட்டிருக்கீங்க, இது தெரியாதா?'ன்னேன். 'தட்டுல வெச்சதைத்தான் சாப்பிட்டுப் பழக்கம். அதுல என் பங்கு எவ்வளவுன்னு கவனிச்சதில்ல'ன்னார்."

நான் பொருட்களின் பட்டியலைக் கேட்டேன். துப்பறிவதில் ஒரு மனிதன் என்ன சொன்னான் என்பதைவிட என்ன வாங்கினான் என்பதுதான் நம்பத் தகுந்தது.

"அவ்வளவுதானா? வேற?"

"ஒரு குடை. கோடு போட்ட நோட்டு ஒண்ணு. அலாரம் கடிகாரம் ஒண்ணு. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் அடிக்கற மாதிரி வெச்சுக்க முடியுமான்னு கேட்டார். 'ஒரு வேளை தவறினாலும் அவ்வளவுதான்'னு சொன்னார்."

கடைக்கு வெளியே வந்து நின்றேன். நான் சொல்வதற்கு முன்பே மருமகளுக்கும் தோன்றிவிட்டது என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் மருந்து" என்றேன். "எந்த வேளைக்கு எது சாப்பிட்டோம்னு எழுத நோட்டு. ஏதோ பெரிய வியாதி. வீட்ல யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு தனியா வந்துட்டான்."

"'அதற்கு அப்பால் போக எனக்கு அவசியம் இல்லை'" என்றாள் அவள்.

"சும்மா இரும்மா."

சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நடுத் திட்டுக்கு மேல் போன் எடுக்காது என்று துறையில் சொன்னார்கள். தம்பி மகளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, உங்கப்பா இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு. அந்த விளம்பரத்தை நிறுத்திடு."

"பெரியப்பா, அப்பாவைப் பாத்தீங்களா?"

"இடம் தெரிஞ்சுபோச்சுங்கறேன்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப ஆறு மணி. நீங்க கண்ணால பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்தறேன். ஊகம் பண்ணதை எல்லாம் சொல்லாதீங்க, உங்க கால்ல விழறேன்."

போனை வைத்தேன். மருமகள் பலகையில் படகு நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசித் திட்டுக்கு நாலரைக்குப் போறோம். சின்னப் படகு அக்கரை போயிட்டு அஞ்சே முக்காலுக்கு நம்மள ஏத்திக்கும். இங்க வந்து போன் எடுக்கறப்ப ஏழு. அப்ப மெஷின் ஓடிட்டிருக்கும் மாமா. நிறுத்தணும்னா இப்பவே பாத்துட்டோம்னு சொல்லணும்."

"நம்ம குடும்பத்துல பொய் சொல்ற பழக்கம் கிடையாது."

"காணாமப் போற பழக்கமும் கிடையாதுன்னுதான் சொல்லிட்டிருந்தீங்க."

அவளை முறைத்தேன். பிறகு சின்னப் படகு வந்தது.

*

அந்தப் படகில் நாங்கள் இரண்டு பேர்தான். ஓட்டியவர் பேசவில்லை, இன்ஜின் பேச விடவுமில்லை. திட்டுகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஒன்றில் ஒரு வீடு. ஒன்றில் வீடு இருந்த இடம். ஒன்றில் வெறும் புதர், அதன்மேல் ஒரு வெள்ளைப் பறவை. ஒரே வீட்டில், ஒரே மாடிப்படிக்குக் கீழும் மேலுமாக, நானும் அவனும் எட்டு வருடங்கள் இருந்திருக்கிறோம். அவனுக்கு உடம்புக்கு என்ன என்று யாராவது கேட்டால், நான் ஊகம்தான் சொல்லவேண்டியிருந்தது.

கடைசித் திட்டு தெரிந்தது. கண்டக்டர் சொன்னது சரி. ஓடு வேய்ந்த ஒரு அறை. தண்ணீருக்குள் ஒரு கம்பம்.

கம்பத்துக்குப் பக்கத்தில், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தம்பி நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்த மாதிரி நான் எட்டு வருடங்களில் பார்த்ததில்லை.

"அண்ணா! நீங்களா? பார்க்கணும்னு வந்தீங்களா?"

"உடம்புக்கு என்னடா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"உடம்புக்கா? ஒண்ணுமில்லையே. கொஞ்சம் வெயில்ல கருத்துட்டேன்."

"மருந்து?"

"என்ன மருந்து?"

மருமகள் தண்ணீருக்குள் இருந்த கம்பத்தைப் பார்த்துவிட்டாள். அதில் மேலிருந்து கீழ்வரை கோடுகளும் எண்களும் எழுதியிருந்தன. "சின்ன மாமா" என்றாள், "மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் நீங்க இதைத்தான் பாக்கறீங்களா?"

"ஆமாம்மா. தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு, இறங்கியிருக்குன்னு பாத்து நோட்டுல எழுதணும். எழுதிட்டு வயர்லெஸ்ல சொல்லணும். ஒரு வேளை தவறினாலும் அன்னைக்குக் கணக்கு முழுக்க வீண். நடுத் திட்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், தனியா இருந்து பழக்கம் இருக்கணும்னு. படிச்சதும், என்னைத் தெரிஞ்சவங்க யாரோ எழுதின மாதிரி இருந்தது." அவன் சிரித்தான். "பதினஞ்சு நாள் நான். பதினஞ்சு நாள் வேற ஒருத்தர். இன்னும் நாலு நாள்ல வீட்டுக்கு வந்துடுவேனே, அதுக்குள்ள ஏன் இவ்வளவு தூரம்?"

இப்போது எனக்குக் கோபம் வந்தது. பயம் போன இடத்தில் அதுதான் முதலில் வந்து உட்காரும்.

"வேலைக்கு வர்றவன் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்டா! உன் பொண்ணு பேப்பர்ல உன் படத்தைப் போடப் போறா. நாளைக்குக் காலையில நம்ம வீட்டுப் பேர் நாலு பேர் வாயில. ஏன்டா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி, சாப்பிடறப்ப. கடைசித் திட்டுல வேலை கிடைச்சிருக்கு, விடிகாலைல கிளம்பறேன், பதினஞ்சு நாள்ல வந்துடுவேன், பாப்பாகிட்டயும் சொல்லிடுங்கண்ணான்னு சொன்னேன். நீங்க சரின்னீங்க."

"நான் சரின்னேனா?"

"'சரி, போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போ'ன்னீங்க. மறக்காம சாத்திட்டுத்தான் வந்தேன்." அவன் குரல் தாழ்ந்தது. "ஏன், சாத்தலையா?"

நான் அந்தச் செவ்வாய்க்கிழமை இரவைத் தேடினேன். மேஜை நினைவுக்கு வந்தது. என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு வழக்குக் கோப்பு நினைவுக்கு வந்தது. அதில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியும். எதிரே ஒரு தட்டு இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவன் என்ன சொன்னான் என்பது எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பிறர் வீட்டுச் சாட்சிகள் இருமியதைக்கூட எழுதி வைத்துக்கொள்கிறவன் நான்.

"நானும் அங்கதான் இருந்தேன் மாமா" என்றாள் மருமகள். "புரூஃப் பாத்துட்டே சாப்பிட்டேன்." அவள் தம்பியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் கேக்கல."

தம்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். குற்றம் செய்தவன் அவன்தான் என்பதுபோல அவசரமாகச் சொன்னான்: "என் மேலயும் தப்பிருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாகப் போகிறது.

"இங்கேருந்து பாப்பாவுக்குச் சொல்ல வழி இருக்கா?"

"போன் எடுக்காது. வயர்லெஸ்தான். ஆனா அந்தப் பக்கம் அளவு சொல்ற நேரத்துக்கு மட்டும்தான் கேப்பாங்க. அஞ்சரைக்கு."

*

அறை சுத்தமாக இருந்தது. கட்டில் ஒன்று. நாற்காலி ஒன்று. தட்டு ஒன்று, கழுவிக் கவிழ்த்தது. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, மருமகளைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவன் நின்றான். டம்ளர் ஒன்றுதான் என்பதால் தண்ணீரை முதலில் எனக்குக் கொடுத்து, கழுவி, பிறகு அவளுக்குக் கொடுத்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்த சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"கிளம்பு" என்றேன். "அஞ்சே முக்கால் படகுல மூணு பேரும் போகலாம்."

"நாலு நாள் பாக்கி இருக்கேண்ணா."

"இந்தக் குச்சியை நீ பாக்கலன்னா காயல் வத்திடுமா?"

"வத்தாது." அவன் யோசித்துச் சொன்னான். எப்போதும் அவன் யோசித்துத்தான் பேசுவான். யோசித்து முடிப்பதற்குள் நான் எழுந்து போய்விடுவது வழக்கம். இன்று போக இடமில்லை. "அண்ணா, அங்க ஒரு அம்மா இருக்காங்க, வயர்லெஸ்ல. பேர் தெரியாது, முகம் தெரியாது. நான் அளவு சொன்னதும், அவங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லுவாங்க. தப்பா எழுதிடக் கூடாதுன்னு விதி. நான் ஒண்ணு சொல்றேன், அதை ஒருத்தர் திருப்பிச் சொல்றாங்க, சரியான்னு கேக்கறாங்க. ஒரு நாளைக்கு எட்டு தடவை." அவன் நிறுத்தினான். "எனக்கு அது போதும்ணா. அதுக்காக நாலு நாளும் இருந்துட்டு வரேனே."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அலாரம் அடித்தது. தம்பி இறங்கிப் போய்க் கம்பத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். நோட்டில் எழுதினான். மேஜை மேல் இருந்த பெட்டியின் பொத்தானை அழுத்தினான். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லுங்க, கடைசித் திட்டு."

"ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு."

"ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு. சரியா?"

"சரி" என்றான் அவன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவன், "அம்மா, ஒரு உதவி. எங்கண்ணா வந்திருக்கார். வீட்டுக்கு ஒரு செய்தி சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினான்.

ஐந்து முப்பத்திரண்டு. எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை. தம்பி மகளின் போன் நம்பரைச் சொன்னேன். அந்தக் குரல் திருப்பிச் சொன்னது.

"செய்தி சொல்லுங்க."

"அப்பாவை நேர்ல பார்த்தேன். நல்லா இருக்கார்."

"அப்பாவை நேர்ல பார்த்தேன். நல்லா இருக்கார். சரியா?"

"சரி. பேப்பர்ல போட வேண்டாம்."

"பேப்பர்ல போட வேண்டாம். சரியா?"

"சரி."

அங்கேயே முடித்திருக்கலாம். குடும்ப மானம் பிழைத்துவிட்டது. மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி நோட்டை மூடிக்கொண்டிருந்தான். வெளியே சின்னப் படகின் இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது.

"இன்னும் இருக்கு" என்றேன். "அவன் சொல்லிட்டுத்தான் வந்திருக்கான்."

"அவர் சொல்லிட்டுத்தான் வந்திருக்கார். சரியா?"

"சரி."

பிறகு அடுத்ததைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பெட்டி கரகரத்தது.

"கடைசி வரி கேக்கல. சத்தமா சொல்லுங்க சார்."

தம்பியின் கை நோட்டின்மேல் அப்படியே நின்றது.

"நான்தான் கேக்கல" என்றேன், அந்தத் திட்டு முழுவதற்கும் கேட்கும்படி.

"நான்தான் கேக்கல" என்றது அந்தக் குரல். "சரியா?"

"சரி" என்றேன்.